ஹெட் திறந்திருக்கும் வேளை

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்டனர். கல்லூரி நினைவுகளை எழுதுதற்கு என்னிலும் தகுந்த அன்பர்கள் பலர் உளர். ஆதலால், அண்மையில் என் சிந்தையை முற்றாக ஆட்கொண்டிருந்த பொருளொன்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அது மோட்டார் வண்டியின் ஹெட் காஸ்கற். நகைக்க விரும்புவோர் நகைக்கலாம். ஆயினும், இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இருமுறை ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய தமக்கையாரை ஏற்றிச் செல்லும் வண்டியின் காஸ்கற் அது என்பதைச் சொல்லிவிட்டால், நகைப்புச் சற்றுக் குறையும். முச்சக்கர வண்டியின் குலுக்கத்தை அவரது உடல் தாங்காது.

வண்டி எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், நான்கு சிலிண்டர். எஞ்சின் தொகுதிக்கும் அதன்மேல் மூடிபோல் அமரும் ஹெட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய தகடு கிடக்கிறது. எரியும் வாயுவை ஒருபுறமும், குளிர்விக்கும் நீரை ஒருபுறமும், மேலேறும் எண்ணெயை மற்றொருபுறமும் ஒன்றோடொன்று கலவாது பிரித்து வைத்திருப்பது அத்தகடே. அது ஓரிடத்தில் எரிந்துபோனால் இம்மூன்றும் வரம்பு கடக்கின்றன. எங்கள் வண்டியில் நடுவிலுள்ள இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே அது எரிந்தது. இரண்டும் ஒருங்கே அமுக்கம் இழந்தன. றேடியேற்றரில் குமிழிகள் எழுந்தன.

காஸ்கற் விலை அற்பம். அதை அடைவதற்குச் செய்யும் வேலையே பெரிது. நீரை வடித்து, கார்புரேற்றரையும் மனிஃபோல்டையும் கழற்றி, றொக்கர் தண்டை எடுத்து, எட்டுத் தள்ளுதண்டுகளையும் வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வைத்து, ஒன்பது நட்டுகளையும் தளர்த்தி, வார்ப்பிரும்பு ஹெட்டைத் தூக்கவேண்டும். இவ்வளவும் செய்து தகட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவது விவேகமாகுமா? அல்லது மூடி திறந்த சாட்டில் வண்டி முழுவதையும் பிரித்துப் போடுவது விவேகமாகுமா? இவ்விரண்டுக்கும் இடையே கோடு கீறுவதுதான் கடினம்.

என் மெக்கானிக் எழுபதைக் கடந்தவர். 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருட் தடைக் காலத்தில், ஒரு சிறு போத்தல் பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் அவருடையவை. எங்கள் மொறிஸும் அவ்வாறு ஓடிய வண்டியே. வண்டியைப் பார்த்ததும் அவர் சொன்னார்: “மாஸ்ரர், இதை இன்னொருக்கால் கழட்ட என்ரை கைக்குப் பெலன் இராது. திறந்திருக்கேக்கை செய்ய வேண்டியதைச் செய்துபோடுவம். தேவையில்லாததைத் தொட வேண்டாம்.”

தமக்கையாரின் மகன் இலண்டனில் இருக்கிறான். இவ்வினத்து எஞ்சின்கள் 1951இல் தொடங்கி 2000ஆம் ஆண்டுவரை ஆக்கப்பட்டமையால் உதிரிப்பாகங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அவன் தொலைபேசியில், “மாமா, எஞ்சினையே இறக்கி எல்லாத்தையும் புதிசாக்குங்கோ, காசை நான் அனுப்பிறன்” என்றான். தாயின்மேல் வைத்த அன்பு பேசியது. ஆனால் எஞ்சினை இறக்கினால் மாதங்கள் செல்லும். அவன் தாயாருக்கோ வாரத்தில் இரு நாட்கள் தவணை தவறக்கூடாது. அயலவர் ஒருவர் தம் காரை 11 நாட்களுக்கு இரவல் தர இசைந்திருந்தார். அதற்குமேல் கேட்பது முறையன்று.

எனவே கழற்றுமுன்னரே திட்டம் வகுத்தோம். எரிந்த காஸ்கற்றின் தொடர்பில்லாத முதலாம் நான்காம் சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்தோம். பின்பு சிறிது எண்ணெயை அவற்றுள் விட்டு மறுபடி அளந்தோம். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அமுக்கத்தை உயர்த்திக் காட்டும். இங்கே உயர்வு அதிகமில்லை. கீழ்ப்பகுதி நலமாக இருக்கிறதென்பது அதனால் துணியப்பட்டது. எஞ்சினை இறக்கும் பேச்சு அன்றோடு முடிந்தது.

அடுத்த வினா, காஸ்கற் ஏன் எரிந்தது என்பது. நோய்முதல் நாடாது தகட்டை மாற்றுவது, ஓட்டைப் பானையைத் துடைத்து வைப்பது போலாகும். நமது குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். கிணற்று நீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெண்பாறைபோல் படிவதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவர். அதே படிவு அறுபது ஆண்டுகளாக றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் எஞ்சினின் நீரறைகளிலும் சேர்ந்திருந்தது. தொகுதியின் வடிதிருகைத் திறந்தபோது நீர் வரவில்லை. கம்பியால் குத்தியபின் செந்நிறச் சேறு வந்தது. ஆகவே றேடியேற்றரைக் கழற்றித் திறந்து கழுவுவதும், நீரறைகளை அலசுவதும், புதுத் தேர்மோஸ்ரற் இடுவதும் மேலதிக வேலைகள் அல்ல; அவையே வேலை. இனிமேல் வடித்த நீரும் துருத்தடை மருந்துமே ஊற்றுவதென்பது மெக்கானிக்கின் கட்டளை. றேடியேற்றர் வெளியே வந்துவிட்டமையால் நீர்ப்பம்பையும் மாற்றினோம். நான்கு போல்ற்றுகளும் ஒரு காஸ்கற்றும் மட்டுமே அதற்கு மேலதிகம்.

இவ்விடத்தில் ஒரு சிறு பொருளைச் சிறப்பாகச் சொல்லவேண்டும். நீர்ப்பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே விரலளவு நீளமான ஒரு றப்பர்க் குழாய் உண்டு. ஹெட் தன் இடத்தில் இருக்கும்போது அதை மாற்ற முயன்றவர்கள் பொறுமையை இழந்திருக்கிறார்கள். ஹெட் எழுந்துவிட்டால் அது சில நிமிட வேலை. காசுக் கணக்கில் மிகச் சிறியது. ஆனால் வழியில் அது வெடித்தால் நீர் முழுவதும் வடிந்து புதுக் காஸ்கற்றும் எரியும். மருமகன் அனுப்பிய பொதியில் முதலில் நான் தேடியது அதைத்தான்.

ஹெட்டின் முகத்தில் நேர்கோலை வைத்து இடைவெளி பார்த்தோம், சற்று வளைந்திருந்தது. லேத் கடைக்கு அனுப்பி முகத்தைச் சீவுவித்தோம். அனுப்பியது அனுப்பியதே, வெளிவால்வுகள் நான்குக்கும் உறுதியான இருக்கை வளையங்களையும் பதிப்பித்தோம். அக்கால வார்ப்பிரும்பு இருக்கைகள் ஈயம் கலந்த பெற்றோலை நம்பி ஆக்கப்பட்டவை. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டில் அப்பெற்றோல் நின்றுவிட்டது. பிறகு இருக்கை சிறிது சிறிதாக உண்ணப்பட்டுவரும். ஹெட்டை மறுபடி கழற்றாமல் இதைச் செய்ய இயலாது. செலவிலே பாரமானது இதுவே, ஆயினும் நான் தயங்கவில்லை. வால்வுகளை அரைத்து, தண்டு எண்ணெய்த்தடைகளையும் புதிதாக இட்டோம்.

பழைய காஸ்கற்றில் கல்நார் இருக்கும். ஆதலால் ஒட்டிய துண்டுகளை உலர்நிலையில் சுரண்டாமல், நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு எடுத்தோம். பிஸ்ரன்களின் தலையில் மண்ணெண்ணெய்க் காலத்துக் கரி கனமாய் ஒட்டியிருந்தது. அதைப் பளபளவென்று துடைக்க நான் முனைந்திருப்பேன் போலும். அவரோ ஓரத்தில் ஒரு வளையம் கரியை அப்படியே விடச் சொன்னார். அது எண்ணெய் மேலேறாது காக்கும் என்பது அக்காலக் கைந்நூல்களிலும் உள்ள விதி. சுத்தம் செய்வதிலும் நிறுத்துமிடம் ஒன்று உண்டு போலும்.

தொடாமல் விட்டவையும் சில. கிளச் தேய்ந்துதான் இருக்கிறது. ஆனால் அதற்கு எஞ்சின் இறங்கவேண்டும். ரைமிங் சங்கிலி சற்று ஒலிக்கிறது. இவ்வெஞ்சினில் காம் தண்டு கீழே தொகுதியில் இருப்பதனால் ஹெட் கழற்றும் வேலை சங்கிலியை அணுகுவதேயில்லை. இன்றைய கார்களில் கணக்கு வேறு: காம் தண்டு ஹெட்டின்மேல் இருக்கிறது, ரைமிங் பெல்ற் கழன்றே ஆகவேண்டும், கழன்ற பழைய பெல்ற்றை மீண்டும் மாட்டுவது கஞ்சத்தனம். இரு ஹெட் கொண்ட எஞ்சினாயின், ஒருபக்கக் காஸ்கற் போனால் மறுபக்கத்தையும் மாற்றிவிடுவதே பெரும்பாலும் நன்று.

பத்தாம் நாள் மாலை ஹெட்டைப் பூட்டினோம். நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று தவணையாக, 40 அடி-இறாத்தல் விசைக்கு முறுக்கவேண்டும். அளவுச் சாவியை அவர் என்னிடம் தந்து, முறையை மட்டும் வாயால் சொல்லிக்கொண்டு நின்றார். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், 0.012 அங்குலம். நீர் கலந்திருக்கக்கூடிய பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றினோம். முதல் முறுக்கிலேயே எஞ்சின் பேசியது. அவர் ஒன்றும் சொல்லாமல் றேடியேற்றரின் வாயையே நெடுநேரம் பார்த்திருந்தார். குமிழி எழவில்லை.

முந்நூறு மைல் ஓடியபின் ஒரு காலையில் நட்டுகளை மீண்டும் முறுக்கி, வால்வு இடைவெளியையும் திருத்தினேன். கிளச்சும் சங்கிலியும் கொப்பியின் அடுத்த பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. மார்கழியில் வரும்போது அவற்றைப் பார்ப்பதாக மருமகன் சொல்லியிருக்கிறான். அதற்குமுன் அந்தப் பெரியவரிடம் சில நாட்கள் நின்று வேலை பழகவேண்டுமென்று நான் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.