அந்தரம்

நிரந்தரம் என்பது வடசொல். அந்தரம் என்றால் இடைவெளி; நிர் என்னும் முன்னொட்டு அதை மறுக்கிறது. எதில் இடைவெளி இல்லையோ அது நிரந்தரம். தமிழுக்குள் வந்த பிறகு அந்தரம் இன்னொரு பொருளையும் ஏற்றுக்கொண்டது. தரைக்கும் வானுக்கும் நடுவே பற்றுக்கோடின்றி இருப்பதை அந்தரத்தில் தொங்குவது என்கிறோம். கனடாவின் நிரந்தர வதிவிட அட்டைக்காகக் காத்திருந்த நான்கு மாதங்களில் இவ்விரு சொற்களும் என்னோடு ஓயாமல் வழக்காடிக்கொண்டிருந்தன. எதற்கும் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது தமிழ் படித்தவர்களுக்கு உள்ள நோய். மருந்தும் சில வேளைகளில் அதுவேதான்.

என் கணவர் 2021 முதல் டொரண்டோவில் வேலை பார்த்து வருகிறார். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். கனடாவின் குடியேற்ற முறையில் மனிதர்களுக்கு மதிப்பெண் உண்டு. வயதுக்கான மதிப்பெண் முப்பதிலிருந்தே தேயத் தொடங்கி, 45இல் சுழியாகிவிடும். வாழ்க்கைத் துணையின் கல்விக்கு அதிகபட்சம் பத்து. முதுகலைக்கும் பத்து, முனைவர் பட்டத்துக்கும் பத்து. தொல்காப்பியத்திலிருந்து புதுக்கவிதை வரை நான் படித்ததெல்லாம் என் கணவரின் விண்ணப்பத்தில் பத்து மதிப்பெண்ணாகப் போய்ச் சேர்ந்தது. இதைச் சொன்னபோது என் மாணவி ஒருத்தி, "தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இனிமேல் பதில் சொல்லலாம் அம்மா" என்றாள்.

ஊதியமில்லா விடுப்பில் 2024 செப்டம்பரில் பயணமானேன். டொரண்டோ விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் தாளில் கையொப்பமிட்டு, வாழ்த்துச் சொல்லி, முகவரியைச் சரிபார்த்துக்கொண்டார். சட்டப்படி அந்தக் கணத்திலிருந்து நான் நிரந்தரவாசி. அட்டை பின்னால் அஞ்சலில் வரும். அது வரும்வரை எந்த உரிமைக்கும் குறைவில்லை. வேலைக்குச் செல்லலாம், வீடு எடுக்கலாம், மருத்துவக் காப்பீடு பெறலாம். எல்லாவற்றுக்கும் கையொப்பமிட்ட அந்தத் தாளே போதும். நாட்டைவிட்டு வெளியே போவதற்கும் தடையில்லை. திரும்பி வருவதற்குத்தான் அட்டை வேண்டும். விமானம், கப்பல், இரயில், பேருந்து எதில் வந்தாலும் அதைக் காட்டியாக வேண்டும். சொந்த வாகனத்தில் எல்லை கடந்து வருபவருக்கு மட்டும் அது கட்டாயமில்லை. காவிரிக் கரையிலிருந்து காரில் கனடா வரும் வழி எனக்குத் தெரியாது.

ஆக, ஒரு நாட்டில் தங்குவதற்கான சான்று என்று நாம் எண்ணும் அட்டை, உண்மையில் அந்த நாட்டைப் பிரிந்து போய்த் திரும்புவதற்கான சான்று. பிரிவில்லாதவருக்கு அதனால் பெரிய பயனில்லை. சங்கப் பாடல்களில் முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அங்கே பிரிந்து செல்பவன் ஒருவன், கார்காலம் பார்த்து ஆற்றியிருப்பவள் வேறொருத்தி. இங்கே பிரிந்து வந்தவளும் நானே, ஆற்றியிருப்பவளும் நானே. பருவம் பொய்த்ததென்று கடிந்துகொள்ள ஒரு கொன்றைமரம்கூட இல்லை. அடுக்ககத்தின் தரைத்தளத்தில் வரிசையாக அஞ்சல் பெட்டிகள் மட்டும் இருந்தன. நவம்பர் 15 அன்று நாடு முழுவதும் அஞ்சல் ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. டிசம்பர் 17 வரை நீடித்தது. ஊதியத்துக்காகப் போராடுகிறவர்களை நொந்துகொள்ள மனம் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கமும் என்னை விட்டுப் போகவில்லை.

வேலைநிறுத்தம் முடிந்த மறுவாரம் கும்பகோணத்திலிருந்து தம்பி அழைத்தான். அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு முறிவு, அறுவை செய்ய வேண்டும். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, சர்க்கரை நோயும் உண்டு. அட்டையில்லாமல் போனால், திரும்புவதற்குத் தனியாக ஒரு பயண ஆவணம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும் என்பது விதி. எப்போது கிடைக்கும் என்று கிளம்பும்போதே யாரும் உறுதி சொல்ல முடியாது. ஐந்தாண்டுகளில் 730 நாட்களேனும் நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு வேறு. "போய்விட்டு வா, மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் கணவர். அவர் அட்டை முன்னமே வந்துவிட்டது.

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அம்மா பேசினார். "கார்டு வந்துதாடி?" என்றார். இல்லை என்றேன். "வராம கெளம்பாதே. கல்யாணத்தப்போ ரேஷன் கார்டுக்கு நாம பட்ட பாடு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. 2004இல் எனக்குத் திருமணமானபோது, அப்பாவின் குடும்ப அட்டையிலிருந்து என் பெயரை நீக்கினார்கள். நீக்கச் சான்று கொடுத்தால்தான் புகுந்த வீட்டு அட்டையில் பெயர் சேர்ப்பார்கள். சேர்ப்பதற்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் எந்த வீட்டின் அட்டையிலும் நான் இல்லை. அப்பா மட்டும் சர்க்கரை வாங்கப் போகும்போதெல்லாம் கடைக்காரரிடம், "ஒரு பேர் கொறஞ்சிருக்கு, பாத்துப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நம் பெண்கள் பலருக்கும் இந்த அந்தரம் புதிதல்ல. நீக்கம் முதலில் நடக்கும், சேர்க்கை பிறகுதான். இடையில் இருக்கும் காலத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

எதிர்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். செய்தி கேட்டு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். "அந்தரப்படாதேங்கோ பிள்ளை" என்றார். யாழ்ப்பாணத்து வழக்கில் அந்தரம் என்றால் பதற்றம், அவசரம். அந்தர ஆபத்து என்பார்கள். எந்த அகராதியையும் புரட்டாமல் அந்தச் சொல்லின் மூன்றாவது பொருள் என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தது. அவர் 1988இல் அகதியாக வந்தவர். கோரிக்கை முடிவாகக் காத்திருந்த ஆண்டுகளில் ஊரில் அவருடைய தாயார் இறந்துபோனார். "எனக்குப் போகவும் வழியில்லை, போனால் திரும்பவும் வழியில்லை. நீங்கள் போகலாம்தானே? திரும்புறது கொஞ்சம் பிந்தும். பிந்தட்டும்" என்றார். அவர் அழவில்லை. சொதி ஆறுகிறதென்று என்னைச் சாப்பிடச் சொன்னார். அவர் போன பிறகு பயணச்சீட்டு எடுத்தேன்.

அறுவைக்கு முதல்நாள் கும்பகோணம் போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் அம்மா முதலில் திட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். அறுவை நல்லபடியாக முடிந்தது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நடைபழகத் தொடங்கிய நாட்களில், ஜனவரிக் கடைசியில், அட்டை வந்துவிட்டதாகக் கணவர் சொன்னார். ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் அதைக் கொண்டுவந்து தந்தார். பயண ஆவணத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. நிரந்தரம் என்று பெயர் கொண்ட அட்டையில் ஐந்தாண்டில் முடியும் ஒரு தேதி இருந்தது. அட்டை காலாவதியானாலும் தகுதி காலாவதியாகாது என்பது சட்டம்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும். ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அந்த இடத்தை நிரப்ப, என் தலைப்பெழுத்தை விரித்து அப்பாவின் பெயரை எழுதியிருந்தார்கள். அதுவே அட்டையிலும் முதலில் வந்திருந்தது. அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன.

"அட, இதுல ஒங்கப்பா பேரு இருக்கே" என்றார் அம்மா. அட்டையைத் திருப்பித் தருவதற்கு அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.