ஒத்த ஸ்டாரும் ஒரு தட்டு பிரியாணியும்

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருப்பவருக்கு விமர்சனத்துக்குப் பஞ்சமே கிடையாது. சாப்பிட்டவர் இலையை மூடுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"அண்ணே, இன்னைக்கு உப்பு கம்மி."

"கறி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும்ணே."

"ஏண்ணே, பாசுமதி அரிசியில போட்டா என்ன? நீளநீளமா பார்க்க நல்லா இருக்கும்ல?"

கல்லாவில் இருப்பவர் மூன்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார். ஆனால் மறுநாள் உப்பு சரியாகியிருக்கும், கறி பதமாக வெந்திருக்கும், அரிசி மட்டும் அதே சீரகச் சம்பாவாக இருக்கும். 1957-ல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் கடை போட்டபோது, அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாவே கடைக்குப் பெயராகி ஊரெல்லாம் பரவியது. அந்த ருசியின் அடையாளம் சீரகச் சம்பா. அதை மாற்றினால் அது வேற பிரியாணி. திண்டுக்கல் பிரியாணி இல்லை.

சரி, கம்ப்யூட்டர் கேம் பற்றிய கட்டுரையில் பிரியாணிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. பெரிய கம்பெனியின் பணம் இல்லாமல், தனி ஆளாகவோ நாலைந்து பேர் சேர்ந்தோ கேம் செய்கிறவர்களை இண்டி டெவலப்பர்கள் என்பார்கள். அவர்களுக்கு வரும் பெரிய தலைவலி கோடிங் கிடையாது. கேம் வெளிவந்த மறுநாள் வரும் ரிவ்யூதான்.

நத்தம் ரோடு பக்கம் ஒரு காலேஜில் படிக்கும் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு பழைய லேப்டாப்பில், காசு கொடுக்கத் தேவையில்லாத கோடோ என்ஜினை வைத்து ஒரு சின்ன கேம் செய்கிறான். திண்டுக்கல் பூட்டுதான் கரு. மாங்காய்ப் பூட்டு, சாவி திருப்பினால் மணியடிக்கும் பூட்டு என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஊருக்கே பெருமையான விஷயம், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. எட்டு மாதம் ராத்திரி கண் முழித்து முடிக்கிறான். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். வீட்டில் பரீட்சை ஃபீஸ் என்று சொல்லி வாங்கிக் கட்டிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். :-)

அடுத்து ஒரு விதி குறுக்கே நிற்கிறது. 2023 நவம்பருக்குப் பிறகு தனி நபர் கணக்குத் தொடங்கியவர்கள், கேமை எல்லாருக்கும் திறந்துவிடுவதற்கு முன் சில பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைந்தது. 12 பேருக்கு எங்கே போவான்? ஹாஸ்டலுக்குத்தான். 12 பேரும் சொல்வது ஒரே வரி: "சூப்பர் மச்சி!"

இதுதான் முதல் ஆபத்து. நண்பனின் "சூப்பர்" என்பது கேமைப் பற்றியது இல்லை, நட்பைப் பற்றியது. மூன்றாவது பூட்டில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டு மூடிவைத்துவிட்டார்கள் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அனுபவப்பட்ட டெவலப்பர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேமைக் கையில் கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது. எங்கே விரல் தயங்குகிறது, எங்கே கொட்டாவி வருகிறது, எங்கே போன் மேசைக்குப் போகிறது என்று குறித்துக்கொள்வது. "அந்த இடத்துல கீழ தட்டணும்டா" என்று சொல்லத் துடிக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் கஷ்டம். காசு கொடுத்து வாங்கியவன் பக்கத்தில் இவன் போய் உட்கார முடியாதே!

கேம் வெளிவந்து மூன்றாம் நாள் முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒற்றை ஸ்டார் போடுகிறார். "செம மொக்கை. போன் சூடாகுது. வேஸ்ட்."

எட்டு மாத உழைப்புக்கு அஞ்சு வார்த்தை. அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. இந்த இடத்தில் உலகம் முழுக்க டெவலப்பர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், செய்யக் கூடாதவற்றுக்கே நல்ல உதாரணங்கள் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் டிஜிட்டல் ஹோமிசைட் என்று ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. அவர்களுடைய கேமைக் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு பிரபல விமர்சகர் மேல் 2016-ல் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். அதே வருடம் செப்டம்பரில், ஸ்டீம் கடையில் தங்களைத் திட்டிய 100 பயனர்கள் மேலும் 1.8 கோடி டாலர் கேட்டு இன்னொரு வழக்கு! ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அந்த ஸ்டூடியோவின் கேம்கள் அத்தனையையும் கடையிலிருந்து தூக்கிவிட்டது. விமர்சகர் மேல் போட்ட வழக்கும் 2017-ல் தள்ளுபடி ஆனது. இன்றைக்கு அவர்கள் பெயரைச் சொன்னால் கேம் ஞாபகத்துக்கு வராது, வழக்குதான் வரும்.

இன்னொரு பக்கம் வியட்நாமின் டாங் நுயென். தனி ஆளாக அவர் செய்த ஃப்ளாப்பி பேர்ட் 2014 ஜனவரியில் உலகத்தையே ஆட்டிவைத்தது. புகழோடு வசவும் சேர்ந்து கொட்டியது. பிப்ரவரியில் கேமையே கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஜனங்கள் அதற்கு அடிமையாவது பிடிக்கவில்லை என்றார், தன் நிம்மதி போய்விட்டது என்றும் சொன்னார். அவர் செய்ததைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஓர் ஆள் தாங்கக்கூடிய சத்தத்துக்கும் அளவு உண்டு.

சண்டையும் போடாமல், ஓடவும் செய்யாமல் நின்றவர்களும் உண்டு. 2016 ஆகஸ்டில் நோ மேன்ஸ் ஸ்கை வந்தபோது, சொன்ன பல விஷயங்கள் கேமில் இல்லை என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. செய்த ஹலோ கேம்ஸ் என்ற சின்ன பிரிட்டிஷ் ஸ்டூடியோ மறுத்துப் பேசவில்லை, கிட்டத்தட்ட வாயையே மூடிக்கொண்டது. நவம்பரில் முதல் பெரிய அப்டேட் வந்தது. அதற்குப் பிறகு வருடாவருடம் வந்துகொண்டே இருந்தது, எல்லாமே இலவசம். பாதாளத்தில் கிடந்த ஸ்டீம் மதிப்பீடு 2024 கடைசியில் 'மிகவும் நல்லது' என்ற படிக்கு ஏறியது. எட்டு வருடம்! வாயால் பதில் சொல்லியிருந்தால் எட்டு நாளில் எல்லாரும் மறந்திருப்பார்கள்.

இந்தியாவிலும் உதாரணம் இருக்கிறது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த 'ராஜி' 2020-ல் வெளிவந்தது. அழகுக்கு நல்ல பெயர். சண்டைக் காட்சிகள் மந்தமாக இருக்கின்றன என்று குறை. பழைய இந்தியாவில் நடக்கும் கதையில் எல்லாரும் இங்கிலீஷில் பேசுகிறார்களே என்றும் ஒரு குறை. 2022-ல் மேம்படுத்திய பதிப்பு வந்தபோது சண்டை திருத்தப்பட்டிருந்தது, இந்திக் குரலும் சேர்ந்திருந்தது. அதாவது, உப்பு கம்மி என்றார்கள், உப்பு போடப்பட்டது.

பாசுமதி கேட்டால் என்ன செய்வது? அங்கேதான் 'வெண்பா' வருகிறது.

டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட கேம் அது. 1988-ல் கனடாவுக்குப் போய்ச் சேரும் தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா அம்மா, பாவலன் அப்பா, கவின் பையன். அம்மாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கும். விளையாடுபவர் அந்த இடைவெளிகளை நிரப்பிச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதெல்லாம் இதில் புதிர். புட்டு உண்டு, பிரியாணியும் உண்டு. தமிழ் வீடுகளில் யாரும் புதிர் என்று நினைக்காத விஷயம் உலகத்துக்குப் புதிராகப் போனது.

பாராட்டு நிறைய வந்தது. கூடவே ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது: "ரொம்பச் சின்னது." ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விலை 15 டாலர். இன்னும் நாலு சமையல் சேர்த்திருக்கலாம், புதிரைக் கஷ்டமாக்கியிருக்கலாம் என்று பலர் எழுதினார்கள்.

இந்தக் குறை பொய் இல்லை. கேம் சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு சமையலும் அந்தக் குடும்பத்தின் ஒரு வருடத்தில், ஒரு வலியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நடுவில் நாலு சமையலைச் சும்மா செருகினால் நேரம் நீளும், பையன் வீட்டைவிட்டு விலகிப்போகும் அந்த வேகம் செத்துப்போகும். வெண்பா அந்தச் சின்ன அளவோடுதான் 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதல் பரிசையும், அதே வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதையும் வாங்கியது. அதன் சீரகச் சம்பா அந்தச் சின்ன அளவுதான்.

இப்படி உறுதியாக நிற்பது சுலபமில்லை, காரணம் காசு. ஸ்டீம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். வாங்குபவருக்கு நல்ல விதி. ஆனால் ஒன்றரை மணி நேர கேமை முழுசாக முடித்துவிட்டும் காசைத் திரும்ப வாங்க முடியும். எமிகா கேம்ஸ் என்ற பெயரில் கேம் செய்துகொண்டிருந்த தனி டெவலப்பர் ஒருவருக்கு 2021-ல் இதுதான் நடந்தது. 'சம்மர் ஆஃப் 58' என்ற அவருடைய குட்டி திகில் கேமுக்கு ரிவ்யூக்கள் பெரும்பாலும் நல்லவை. ஆனாலும் முடித்துவிட்டுக் காசைத் திரும்ப வாங்கியவர்கள் ஏராளம். கேம் செய்வதையே காலவரையின்றி நிறுத்துவதாக அவர் அறிவித்தார். பிரியாணியை வழித்துச் சாப்பிட்டு, "நல்லா இருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுக் காசைத் திரும்பக் கேட்ட கதை. இது தெரிந்தும் கேமைச் சின்னதாகவே விடுகிறவருக்கு நெஞ்சு உரம் வேண்டும்.

இப்போது அந்த நத்தம் ரோட்டுப் பையனிடம் திரும்பிப் போகலாம். "செம மொக்கை. போன் சூடாகுது. வேஸ்ட்."

ராத்திரி அழுதுவிட்டுக் காலையில் பார்த்தால், அந்த அஞ்சு வார்த்தைக்கு நடுவில் ரெண்டு வார்த்தை தங்கம். போன் சூடாகுது. நொடிக்கு 60 தடவை திரையை வரைகிற கேமை 30-க்குக் கட்டுப்படுத்தினாலே சூடு குறையும். பூட்டுத் திறக்கிற கேமுக்கு 30 தாராளம். அவனுடைய லேப்டாப்பில் தெரியாத குறை, பழைய போன் வைத்திருந்த யாரோ ஒருவரால் தெரிந்தது. திருத்திவிட்டு, "சொன்னதற்கு நன்றி, சரிசெய்தாச்சு" என்று ஒரு வரி பதில் எழுதலாம். கூகுள் பிளேயில் பதிலுக்கு 350 எழுத்துதான் இடம். சண்டை போட அது பத்தாது, நன்றி சொல்லத் தாராளம். அவர் மறுபடி வந்து ஸ்டாரை மாற்றினாலும் மாற்றலாம், மாற்றாமலும் போகலாம்.

'மொக்கை'யும் 'வேஸ்ட்'டும்? அவற்றுக்குப் பதில் கிடையாது. ஆனால் பத்து பேர் மூன்றாவது பூட்டைத் தாண்டியதும் மொக்கை என்கிறார்கள் என்றால், அங்கே ஏதோ ஒன்று நிஜமாகவே உடைந்திருக்கிறது. விளையாடுகிறவர் "போரடிக்குது" என்றால் அது எப்போதும் உண்மை. போரடித்தது அவருக்குத்தானே! "அதனால துப்பாக்கி சேருங்க" என்பது மட்டும் அவருடைய யோசனை. வலிக்கிற இடத்தை நோயாளி சரியாகக் காட்டுவார், மருந்தையும் அவரே எழுத வேண்டியதில்லை.

ஆக, வேலை மூன்றாகப் பிரிகிறது. உப்பு கம்மி என்றால் உடனே போட வேண்டும். கறி வேகவில்லை என்று நாலு பேர் சொன்னால் அடுப்பைப் பார்க்க வேண்டும். பாசுமதி கேட்டால் சிரித்த முகத்தோடு தலையாட்டிவிட்டு, சீரகச் சம்பாவைக் களைய வேண்டும். இதற்கு முன்னால், தன் கேமில் சீரகச் சம்பா எது என்று செய்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவன் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் ஒரு அரிசி மாற்றுவான்.

விளையாடுகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஸ்டீமில் ஒரு கேமுக்கு மதிப்பீடு தெரிய ஆரம்பிக்கவே 10 ரிவ்யூ வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது பத்து நொடி. தனியாளுக்குச் சில சமயம் பத்து வாரம். அந்தப் பத்தில் ஒன்று "மொக்கை" என்று இருப்பதற்கும், "மூணாவது பூட்டில் எங்கே தட்டுவதென்றே தெரியவில்லை" என்று இருப்பதற்கும் நிறைய வித்தியாசம். இரண்டுமே திட்டுதான். ஆனால் இரண்டாவதை வைத்து ஒருவன் மறுநாள் காலையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

பிரியாணிக் கடையில் யாரும் "மொக்கை" என்று எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. "உப்பு கம்மிண்ணே" என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு மறுநாளும் வருகிறார்கள்.