அம்மாச்சி வீட்டு மே மாதம்

நாகமலை புதுக்கோட்டையில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை கண்ணில் படும். உயரம் அதிகமில்லை, நீளம்தான். காளவாசல், விராட்டிபத்து, அச்சம்பத்து என்று தேனி ரோட்டில் பஸ் வரும்போதே நானும் தங்கையும் சன்னலோரம் நெருக்கியடித்துக்கொண்டு அதைத் தேடுவோம். மலை நீண்டு தெரிய ஆரம்பித்ததும் அம்மா பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இறங்கி நடந்தால் அம்மாச்சி வீட்டு வேப்பமரம்.

தாத்தா பல்கலைக்கழகத்தில் குமாஸ்தா. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, இந்தப் பக்கம் அதன் வளாகம் எழும்பியபோது, வேலை பார்த்தவர்கள் பலர் அக்கம்பக்கத்தில் இடம் வாங்கிக் குடியேறினார்கள். தாத்தாவும் அப்படி வந்தவர்தான். 1978இல் பல்கலைக்கழகத்துக்குக் காமராசர் பெயர் வைத்ததை அம்மாச்சி பெருமையாகச் சொல்வாள். எனக்கு விவரம் தெரிந்தபோது தாத்தா இல்லை. அம்மாச்சி இருந்தாள், மிஷன் பள்ளியில் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாக. தெருவுக்கே அவள் டீச்சரம்மா. பெரியம்மா பிள்ளைகள், மாமா பிள்ளைகள், நாங்கள் என்று எண்பதுகளின் கடைசிக் கோடைகளில் அந்தச் சின்ன வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்காது.

விடிவதற்கு முன்னே வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். பிறகு குடும்ப ஜெபம். தூக்கக் கலக்கத்தில் சாய்ந்து விழும் தலைகளைக் கையால் நிமிர்த்தி விட்டபடியே அவள் கீர்த்தனை பாடுவாள். வேதநாயக சாஸ்திரியார் பாட்டுகள் என்றால் அவளுக்கு உயிர். தஞ்சாவூர்க்காரரின் அந்தப் பாட்டுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தேடிச் சேர்த்து அச்சுப் போட்டவர் இங்கே மதுரையிலிருந்த அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் வாசித்தேன். அம்மாச்சிக்கு அந்த வரலாறு தேவைப்படவில்லை. அவள் அம்மா பாடினாள், அதனால் அவளும் பாடினாள். பாட்டு முடிந்ததும் இருபத்து மூன்றாம் சங்கீதம். வீட்டில் தங்கும் பிள்ளை யாராயிருந்தாலும் அதை மனப்பாடமாகச் சொன்ன பிறகுதான் பழைய சோற்றுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் உட்கார முடியும்.

அடுத்தது அடுப்படி. உலை கொதித்ததும் படியில் அளந்த அரிசியிலிருந்து ஒரு கை அள்ளி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் பால் பவுடர் டப்பாவில் போடுவாள். கைப்பிடி அரிசி. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், ரேஷன் அரிசியானாலும் கடை அரிசியானாலும், அந்த ஒரு கை தவறாது. “நான் போடுறேன் அம்மாச்சி” என்று கையை நீட்டுவேன். “ஒங் கை சின்னதுடா. கோயிலுக்குப் போறது கொறையக் கூடாது” என்பாள். மாசக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து அதை வாங்கிப் போவார்கள். மிசோரத்துக் கிறிஸ்தவப் பெண்களும் 1910 முதல் இதே வழக்கத்தைக் கைக்கொண்டு பெரிய பெரிய ஊழியங்களையே நடத்தியிருக்கிறார்கள். இங்கே எங்கள் சபையில் அம்மாச்சியும் அவள் கூட்டாளிகளும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பங்குனி, சித்திரையில் சேரும் கைப்பிடி அரிசி, மற்ற மாதத்து அரிசிபோலக் கோயில் ஏலத்துக்குப் போகாது. அது வி.பி.எஸ். பிள்ளைகளுக்கு.

விடுமுறை வேதாகமப் பள்ளி என்று நோட்டீஸில் போட்டிருக்கும். நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வி.பி.எஸ். எப்போ என்பதுதான் மே மாதத்துக் கேள்வி. கோயிலுக்கு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, மணல் கொட்டி, கலர் தாள் தோரணம் கட்டினால் தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் கால் தரிக்காது. பிகினர், பிரைமரி, ஜூனியர், இன்டர் என்று வகுப்புகள். கல்லூரி விடுமுறையில் இருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் வாத்தியார்கள். காலையில் வரிசையாக அணிவகுத்து உள்ளே போவதும், ஆக்‌ஷன் சாங்குக்குத் தொண்டை கிழியக் கத்துவதும், மனப்பாட வசனம் சொல்லி நட்சத்திரம் வாங்குவதும், ஐஸ் குச்சியில் வீடு கட்டுவதும், புதிதாக ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தால் கிடைக்கும் மார்க்கும், கடைசி நாள் கொடி பிடித்துத் தெருத்தெருவாகப் போகும் பவனியும் வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காதவை.

அம்மாச்சி கதை சொல்லும் ஆள். அதற்கு அவளிடம் ஃபிளானல் போர்டு ஒன்று உண்டு. அதை அவள் தயார் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பழைய மரப்பலகையில் கருநீல ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டி, ஓரத்தில் ஆணி அடித்திருப்பாள். அடுப்பில் மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பாள். பசை ஆறுவதற்குள் பழைய காலண்டரிலிருந்தும் ஓய்வுநாள் பள்ளிப் படங்களிலிருந்தும் ஆட்களைத் தனித்தனியாக வெட்டி வைத்துவிடுவாள். தாவீது, கோலியாத்து, ஆடு, பேழை, மீன். வெட்டிய படத்தின் பின்னால் அட்டை ஒட்டி, அட்டையின் பின்னால் உப்புத்தாள் துண்டு ஒட்டுவாள். உப்புத்தாளின் சொரசொரப்பு ஃபிளானலின் மயிரில் பிடித்துக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கதை நகர நகரப் படத்தை எடுத்து எடுத்து மாற்றலாம். எங்கள் கண்முன்னே கோலியாத்து பலகையிலிருந்து கழன்று தரையில் விழும்போது பந்தல் அதிரும். அப்படி விழ வேண்டுமென்றே அவன் முதுகில் மட்டும் உப்புத்தாளைச் சின்னதாக ஒட்டியிருப்பாள்.

பக்கத்து வீட்டு அப்பத்தாவும் கதைக்காரிதான். ராத்திரி கரண்ட் போனால் அவர்கள் திண்ணைதான் எங்களுக்கு. பாண்டியனை அழிக்கச் சமணர்கள் ஏவிய நாகம் இந்த மலையாகிவிட்டது, பசு பசுமலையானது, யானை யானைமலையானது என்று திருவிளையாடல் கதைகளை அப்பத்தா கைகால் ஆட்டிச் சொல்லும். மறுநாள் வி.பி.எஸ்.ஸில் அம்மாச்சி, மோசே வனாந்தரத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தைப் பலகையில் ஒட்டுவாள். இரண்டும் ஒரே பாம்பா என்று பெரியம்மா மகன் எழுந்து கேட்டுவிட்டான். “அது அப்பத்தா கத, இது நம்ம கத. ரெண்டையும் கேட்டுக்க, ரெண்டையும் மறக்காத” என்று சொல்லிவிட்டு மேலே போனாள். அப்பத்தாவின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கு எங்களோடு மணலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு அவர்கள் வீட்டுச் சீடை எங்களுக்கு வரும். மே மாதம் அவர்கள் வருவார்கள். பெரியவர்கள் யாரும் அதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொண்டதில்லை.

நடுவில் ஒரு நாள் அம்மாச்சி எங்களைக் கீழக்குயில்குடிக்கு நடத்திக் கூட்டிப் போவாள். தூக்குவாளியில் எலுமிச்சம்பழச் சோறு. மலையடிவாரத்துத் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில், மேலே ஏறினால் செட்டிப்புடவில் காது நீண்டு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர், வட்டெழுத்து வெட்டிய பாறை. அப்பத்தா கதையில் பாம்பை ஏவிய சமணர்கள்தான் இவர்களா என்று எங்களுக்குத் திகைப்பு. “எறும்புக்குக்கூடத் தீங்கு நெனைக்காதவங்கடா இவங்க. செருப்பக் கழட்டிட்டுப் போய்ப் பாருங்க” என்றாள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் நாங்கள் சத்தமில்லாமல் நின்றோம். மதத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில் இதற்கு நிகராக இன்னொன்றைச் சொல்ல முடியாது.

வி.பி.எஸ். எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். 1898இல் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில் ஹாஸ் என்ற அம்மையார், கோடை விடுமுறையில் தெருவில் அலையும் ஏழைப் பிள்ளைகளைப் பார்த்துப் பொறுக்காமல் பீர்க்கடை மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஆரம்பித்தாராம். 1901இல் ராபர்ட் போவில் என்ற போதகர் அதைக் கையில் எடுத்துப் பல இடங்களுக்குக் கொண்டுபோனார். அதற்கும் முன்னால், 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியும், வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் மட்டும் ஓய்வாக இருந்த பிள்ளைகளுக்காகத்தான். மூன்று இடத்திலும் காரணம் ஒன்றே: பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள், வீட்டில் ஆளில்லை. எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்கும் கொத்தனார் வேலைக்கும் விடியக்காலமே கிளம்பிவிடும் வீடுகள் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்கு மத்தியானம் வரை இருக்க நிழலும் தின்ன ஒரு வாய்ப் பண்டமும் வேண்டியிருந்தது. வேதபாடம் அதற்கு மேல்தான் வந்தது, அல்லது அதனோடு சேர்ந்தே வந்தது.

பண்டம் என்றால் சுண்டல். ஒரு நாள் தட்டாம்பயறு, ஒரு நாள் பட்டாணி, ஒரு நாள் கொண்டைக்கடலை. கடைசி நாள் கைப்பிடி அரிசியில் தக்காளிச் சோறு. எந்த வீட்டு அரிசி எது என்று பிரிக்க முடியாத சோறு அது. குண்டும் சிறிதும், பச்சையும் புழுங்கலும் கலந்து, ஓரிடத்தில் குழைந்து ஓரிடத்தில் விறைத்துத்தான் இருக்கும். அதன் ருசி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

இந்தச் சாப்பாட்டை வைத்துத்தான் ஒரு வருஷம் பேச்சு வந்தது. பிள்ளைகளை ஆளுக்கொரு தட்டு கொண்டுவரச் சொல்லிவிடலாமே, கழுவுகிற வேலை மிச்சம் என்றார் ஒரு பெரியவர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. திண்ணையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அம்மாச்சி முகம் ஏன் சிவந்தது என்று அன்று விளங்கவில்லை. எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தட்டில் சாப்பிட்டது என்று கணக்கு வைக்க நினைப்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு, கோயிலிலும் உண்டு. அவள் சண்டை போடவில்லை. பென்ஷன் வாங்கிய கையோடு மதுரைக்குப் போய் அலுமினியத் தட்டுகள் வாங்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தாள். எல்லாம் ஒரே அளவு. பெயர் வெட்டக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லியே வாங்கினாளாம். “கழுவிக் கவுத்துனா எது யாரு தட்டுன்னு ஆண்டவருக்கே தெரியக் கூடாது” என்றாள். அந்த மே மாதம் முதல் ஒரே பந்தி. அம்மாச்சியின் பேரப்பிள்ளைகள் என்பதால் எங்களுக்கு முதல் கரண்டி கிடைத்ததேயில்லை. நாங்கள் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருவோம். எனக்கு அதில் கோபம்கூட இருந்தது. என் அம்மாச்சியைத் தெரு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்கிறதே என்ற கோபம். ராத்திரி படுக்கும்போது அவள் முந்தானையை நான்தான் முதலில் பிடித்துக்கொள்வேன்.

மதுரையில் அரசரடி. அங்கே 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலிருந்து எங்கள் சபைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் தப்பும் உறுமியும் கொண்டுவருவார்கள். அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லாரும் பிரியமாகச் சொன்னவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் கட்டியவர், 2005இல் மறைந்தார். கடவுளை அம்மையப்பனாகக் கண்ட அவர், ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் சாதியை உடைக்கும் வழி என்று பாட்டிலும் வகுப்பிலும் சொல்லிவந்தார். கர்நாடக ராகத்துக் கீர்த்தனையில் வளர்ந்த அம்மாச்சி, கோயிலுக்குள் தப்பு வந்ததும் முகம் சுளிப்பாள் என்று நினைத்தோம். அவள் பின்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீர்த்தனைக்கு வாயைத் திறக்காத பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். “இதையும் சொல்லிக் குடுங்க தம்பி” என்று தப்படித்த மாணவரிடம் கேட்டு, எழுபது வயதுக்குக் கிட்டத்தில் தன் பாட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

1834இல் மதுரையில் கால்வைத்த அமெரிக்கன் மிஷனைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. பசுமலையையும் அமெரிக்கன் கல்லூரியையும் பற்றி உண்டு. 1948இல் லேடி டோக் கல்லூரியை நிறுவிய கேட்டி வில்காக்ஸ் அம்மையாரைப் பற்றி உண்டு. எல்லாம் தகும். ஆனால் பயறு ஊறப்போட்டவர்கள், பசை காய்ச்சியவர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் வீடு தேடிப் போனவர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. பிள்ளைகளின் கோயில் இந்த ஊரில் அவர்கள் கையால்தான் நடந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

இப்போது வி.பி.எஸ். ஐந்து நாள்தான், அதுவும் சாயங்காலம். காலையில் பிள்ளைகளுக்குக் கோச்சிங் இருக்கிறது. ஃபிளானல் போர்டு இருந்த இடத்தில் புரொஜெக்டர். அதில் எனக்குக் குறையில்லை. அம்மாச்சி இருந்தால் ரிமோட்டை நான்தான் வைத்திருப்பேன் என்று நிற்பாள். சில ஊர்களில் கட்டணம் கூடிக்கூடி, தெருப் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள் என்று கேள்விப்படும்போதுதான் மனசு வலிக்கிறது.

எங்கள் சபையில் அப்படியில்லை. அன்று எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஓர் அக்காதான் இன்று சுண்டல் பொறுப்பு. கட்டட வேலைக்குப் போனவர்கள் வீட்டுப் பிள்ளை, இப்போது பல்கலைக்கழகத்தில் வேலை. போன மே மாதம் போயிருந்தபோது, நெளிந்துபோன அந்த அலுமினியத் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் தட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறேனே அக்கா என்றேன்.

“வேணாம்ப்பா. நாலு பேரு சேந்து கழுவுறப்பதான் பேச்சே ஓடுது. நீ ஒண்ணு செய்யி, ஒம் மகள நாளைக்கு மூணு மணிக்கே அனுப்பி விடு. தேங்கா துருவ ஆள் பத்தல.”