செராத்திங்: டிசம்பரில் போனோம், மே மாதம் மறுபடி போனோம்

அந்த எச்சரிக்கையை வானொலியில் வாசித்ததே நான்தான். வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து எல்லாரும் காரில் வீடு திரும்பும் நேரம். பகாங், திரெங்கானு, கிளந்தான் கரையோரங்களில் தொடர் மழை, கடல் கொந்தளிப்பு, சிறு படகுகள் கடலுக்குப் போக வேண்டாம் என்று தெளிவான உச்சரிப்போடு சொல்லிவிட்டு, மழைப் பாடல் ஒன்றையும் போட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் செராத்திங் பயணத்துக்குத் துணி அடுக்கினேன்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, பத்து வருஷமாக மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள் இப்படியா என்று கேட்பீர்கள். தினமும் வாசிக்கிற விஷயம் காதில் ஏறுவதில்லை. அதுதான் உண்மை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அப்பா லாரி ஓட்டியவர். 80களில் கெர்த்தேயில் எண்ணெய்த் தொழில் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், கோலாலம்பூரிலிருந்து மாரான், குவாந்தான் வழியாக அங்கே சாமான் ஏற்றிப் போவார். அப்போது கிழக்குக்கரை நெடுஞ்சாலை கிடையாது. பழைய சாலையில் விடிய விடிய ஓட்ட வேண்டும். குவாந்தானைத் தாண்டினால் வலது பக்கம் தென்னை மரங்களுக்கு நடுவே கடல் எட்டிப் பார்க்கும். செராத்திங்கில் ரோட்டோரக் கடையில் ஒரு தே ஓ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம். "எத்தனையோ தடவ அந்தப் பக்கம் போயிருக்கேன்மா, ஒரு தடவகூட கால நனச்சதில்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய 65வது பிறந்தநாள் டிசம்பரில் வந்தது. அக்கா பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. தங்கும் விடுதியில் அறை பாதி விலை. இதைவிட நல்ல நேரம் எது என்று நானே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தேன். டிசம்பரில் கடற்கரை விடுதி ஏன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

காராக் தாண்டும்வரை வெயில். தெமர்லோவில் தூறல். குவாந்தானில் கண்ணாடித் துடைப்பான் எவ்வளவு வேகமாக ஆடியும் முன்னால் போகும் காரின் விளக்கு தெரியவில்லை. மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டிய நாங்கள் ஆறு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். 'கடலைப் பார்த்த அறை'யிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது. கூரையில் ஒழுக்கு வேறு. அம்மா வாளியை எடுத்து வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் கொண்டுவந்த இட்டிலியைப் பிரித்தார். கடற்கரையில் சிவப்புக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. அப்பா குடை பிடித்துக்கொண்டு கொடிக்கு இந்தப் பக்கம் பத்து நிமிடம் நின்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டது. அக்காவின் மூத்த பையனுக்கு 12 வயது. முழங்கால் அளவுதான் போகிறேன் சித்தி என்றான். நானும் தலையாட்டினேன். ஒரு அலை வந்து திரும்பியது, பையன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த அலை அவனை உருட்டியது. மூன்றாவது அலைக்குள் அவன் தலை மட்டும்தான் தெரிந்தது. நான் கத்தினேனா என்றுகூட நினைவில்லை. பக்கத்தில் பலகையோடு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்த உள்ளூர் மலாய் இளைஞர் ஒருவர் குறுக்கே பாய்ந்து அவனைப் பலகைமேல் இழுத்துப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். திட்டவில்லை. கொடியை மட்டும் விரலால் காட்டிவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விட்டார். அக்கா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அப்பாதான், "நாம வந்த நேரம் சரியில்ல, கடல் என்ன செய்யும்?" என்றார்.

ஊர் திரும்பிய பிறகுதான், இத்தனை வருஷம் வாசித்துவந்த வானிலைக் குறிப்பின் பொருள் என்னவென்று உட்கார்ந்து படித்தேன்.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை வீசும். குளிர்காலத்தில் சைபீரியப் பக்கம் சேரும் குளிர்காற்று தெற்கே இறங்கி, வெதுவெதுப்பான தென்சீனக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. அது முதலில் மோதுவது நம் கிழக்குக்கரையில். தலைநகருக்கு வருவதற்குள் நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நின்று பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் கோலாலம்பூரில் இருந்துகொண்டு "மழை அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்கிறோம். குவாந்தானில் டிசம்பர் ஒரே மாதத்தில் சராசரியாக 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். நம் பக்கம் அதில் ஏறக்குறைய பாதிதான். 2013 டிசம்பரில் குவாந்தானும் கெமாமானும் மூழ்கியதும், 2014 டிசம்பரில் கிளந்தான் தத்தளித்ததும் பலருக்கு நினைவிருக்கும். உள்ளூர் மக்கள் இந்தக் காலத்தை 'மூசிம் தெங்குஜூ' என்பார்கள். மீனவர்கள் படகைக் கரையேற்றி வலை பின்னும் காலம் அது. ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற தீவு விடுதிகள் பெரும்பாலும் நவம்பரில் கதவைச் சாத்தி, பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில்தான் திறக்கும். ஜொகூர் வழியாக மெர்சிங் போய்த் தியோமானுக்குப் படகு ஏற நினைக்கும் சிங்கப்பூர் உறவுகளுக்கும் இதே கணக்குதான்.

வானிலை ஆய்வுத் துறையின் தொடர் மழை எச்சரிக்கையில் மூன்று படிகள் உண்டு. மஞ்சள் என்றால் விழிப்பு, ஆரஞ்சு என்றால் மோசம், சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சளிலேயே பயணத்தைத் தள்ளிப்போடுவது என்று எங்கள் வீட்டில் இப்போது சட்டம். அறைக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என் அக்கா மகனுக்காக. பருவமழைக் கடலில் பயமுறுத்துவது அலை மட்டுமல்ல. கரைக்கு வந்த தண்ணீர் ஒடுக்கமான ஒரு பாதையில் வேகமாகத் திரும்பிப் போகும் இழுப்பு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொண்டுபோவது. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துவிடுவோம். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பாதையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள், நம் குடும்பங்களில் பாதிப் பேர், சிவப்புக் கொடி நாளில் முழங்கால்கூட நனைக்க வேண்டாம்.

ஆனால் டிசம்பர் செராத்திங்கை ஒரேயடியாகத் திட்டினால் அலைச்சறுக்கு விளையாடும் என் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு அதுதான் திருவிழாக்காலம். இந்த ஊர்க் கடல் மற்ற மாதங்களில் குளம் மாதிரி கிடக்கும். நவம்பர் முதல் மார்ச் வரைதான் எழும். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் பலகையோடு வருகிறார்கள். கிராமத்துப் பையன்கள் சிறுவயதிலேயே பலகை ஏறிவிடுகிறார்கள், எங்கள் பையனைத் தூக்கியவர் அப்படி ஒருவர்தான். புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் இளைஞர்கள் டிசம்பர் உச்சத்தை விட்டு, பருவத்தின் ஓரங்களில் போகலாம். பலகை வாடகைக்கும் கிடைக்கும், சொல்லிக்கொடுக்கவும் ஆள் உண்டு. தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகும் பயணம் அது இல்லை.

நம்மவர்களுக்கு நாள் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மாரான் மரத்தாண்டவர் ஆலயத்துக்குப் பங்குனி உத்திரத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் போகிறோம்! மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் அந்தத் திருநாள் சமயத்தில் கிழக்குக்கரை மழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். காவடி முடித்து நேராக வீட்டுக்குத் திரும்பாமல், இன்னும் ஒன்றரை மணி நேரம் போல கிழக்கே ஓட்டினால் செராத்திங். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். வெயில் 32 பாகை வரை போகும், சாயங்காலம் ஒரு இடிமழை வந்தாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆகஸ்ட், செப்டம்பரில் சில வருஷம் புகைமூட்டம் வரும், அதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் மழை மெல்லத் தலைகாட்டத் தொடங்கும். டிசம்பர் விடுமுறையில்தான் கடலுக்குப் போவேன் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மேற்குப் பக்கம் திரும்புங்கள். லங்காவிக்கு அது நல்ல வெயில் காலம், கூட்டம்தான் தாங்காது.

நாங்கள் மறுபடி போனது அடுத்த ஆண்டு மே மாதம். இந்தத் தடவை மாதத்தை மட்டுமல்ல, கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் பார்த்துவிட்டுத்தான் போனோம். தண்ணீர் இறங்கும் நேரத்தில் செராத்திங் கடற்கரை அகலமாக, ஈர மணல் கண்ணாடி மாதிரி விரிந்து கிடக்கும். சிறு பிள்ளைகள் ஓடியாட அதுதான் நேரம். நோன்பு மாதமா என்றும் பார்த்துக்கொண்டோம். மலாய் கிராமம் அது, நோன்பு நேரத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். இன்னொரு சிக்கல், செராத்திங் பகாங்கில் இருக்கிறது. கொஞ்ச தூரம் வடக்கே போனால் கெமாமான், அது திரெங்கானு. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுக்காய் பட்டணத்தில் வாழையிலையில் சுட்ட சத்தாரும் ஒத்தா ஒத்தாவும் வாங்க நினைப்பவர்கள் கிழமை பார்த்துப் போவது நல்லது. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை சைவம். அதற்குக் குவாந்தானிலேயே வாழையிலைச் சாப்பாடு முடித்துக்கொண்டு வந்தோம். செராத்திங்கில் சாம்பாரைத் தேடிப் பயனில்லை.

ஆமைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் போல வரைக்கும் பச்சை ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள், குஞ்சு வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண். மீன்வளத் துறை நடத்தும் பாதுகாப்பு மையம் ஒன்று அங்கே இருக்கிறது, பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போகலாம். இரவில் ஆமையைக் காண நேர்ந்தால் கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள். அது பயந்து முட்டையிடாமலே திரும்பிவிடும். அப்பாவின் காலத்தில் இன்னும் வடக்கே, ரந்தாவ் அபாங்கில், காரளவு பெரிய தோல்முதுகு ஆமைகளைப் பார்க்கக் கூட்டம் கூடுமாம். இன்று அவை அங்கே வருவதே இல்லை என்று சொல்லலாம். முட்டைகளை நாம் தின்றதும் வலைகளில் அவை சிக்கியதும் காரணம்.

எங்களுக்கு ஆமை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக இரவு ஆற்றில் படகேறி, அலையாத்திக் காட்டுக்குள் மின்மினிப் பூச்சிகளைப் பார்த்தோம். படகோட்டி எஞ்சினை நிறுத்தியதும் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அம்மாவின் முந்தானையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அம்மா அசையவே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பா காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கொடி இல்லை, அலையும் இல்லை. பேரன் கையைப் பிடித்துக்கொண்டான். போன தடவைக்குப் பிறகு அவனுக்குத்தான் பயம், தாத்தாவுக்கு இல்லை. இடுப்பளவு போய் அங்கேயே வெகுநேரம் நின்றார். நான் படமெடுக்கக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

கிளம்பும்போது அவர் லாரியை நிறுத்திய கடையைத் தேடிச் சாலையோரமாக மெதுவாகப் போனோம். அந்த இடத்தில் இப்போது கெரோப்போக் லெக்கோர் விற்கிறார்கள். உண்மையில் அதே இடம்தானா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஐந்து வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு, நின்றபடியே ஒரு தே ஓ குடித்தார். அப்போது கெர்த்தே பக்கம் ஒரு லாரி பாரம் ஏற்றிக்கொண்டு போனது.

"தார்பாய் சரியா கட்டல, பாரு" என்றார்.