தெரியாதா, சொல்ல வழியில்லையா?

உளவியல் படிக்கிறேன் என்றாலே, "என் மனத்தில் என்ன இருக்கிறது, சொல்லேன்" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மனத்தில் இருப்பதை எந்த வழியில் வெளியே வாங்குவது என்பதே எங்கள் துறையில் பெரும் கவலை. வாயால் சொல்லச் சொல்வதா, எழுதச் சொல்வதா, விசையை அழுத்தச் சொல்வதா? கேள்வி ஒன்றுதான், வழி மாறினால் விடையும் மாறுகிறது.

பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் பெயத்ரிஸ் பூர்தானும் மிஷேல் ஃபயோலும் 1994இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சில சொற்களைக் கேட்கவைத்து, நினைவிலிருந்து திருப்பித் தரச் சொன்னார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வாயால் சொன்னபோது அதிகமாகவும், எழுதியபோது குறைவாகவும் நினைவுகூர்ந்தனர். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. அடுத்துச் செய்ததுதான் சுவையானது. பெரியவர்களை, அவர்களுக்குப் பழக்கமில்லாத கூட்டெழுத்துப் பெரிய எழுத்துகளில் எழுதச் சொன்னார்கள். அவர்களும் தடுமாறினார்கள்! எழுத்தை வரையும் வேலையே நினைவின் பங்கைத் தின்றுவிடுகிறது.

நான் துணைப்பாடம் சொல்லித்தரும் தொடக்கநிலை நான்கு மாணவன் ஒருவன், கட்டுரையில் நான்கு வரியைத் தாண்டமாட்டான். "இவனுக்குத் தமிழே வராது டீச்சர்" என்பார் அவன் அம்மா. அதே படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னால், பேருந்தில் தாத்தாவுக்கு இடம் கொடுத்த பையனுக்கு அவனே ஒரு பெயரும் வைத்துவிடுவான். தாளிலோ, ரகரமா றகரமா என்று பென்சில் நிற்கும் இடத்தில் கதையும் நின்றுவிடும்.

அதற்காக வாய்மொழியே மேல் என்று சொல்லிவிட முடியாது. 1968இல் லீ புரூக்ஸ் செய்த சோதனையில், ஒரு வாக்கியத்தை மனத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் பெயர்ச்சொல்லா எனக் கூறவேண்டும். வாயால் "ஆம், இல்லை" என்றபோது, தாளில் சுட்டிக்காட்டியபோதைவிட அதிக நேரம் பிடித்தது. சொல்லும் சொல்லும் மோதிக்கொண்டன. ஓர் எழுத்தின் வடிவத்தை மனத்தில் நிறுத்தி அதன் மூலைகளைப் பற்றிக் கேட்டபோது நிலைமை தலைகீழ், சுட்டிக்காட்டுவதுதான் திணறலாயிற்று.

நம் வயதிலும் இது நடக்கிறது. இவ்வாண்டு இதழுக்குக் கட்டுரை கேட்டபோது, "தமிழில் எழுத வராது" என்று நழுவியவர்கள் பலர். அவர்களில் ஒருத்தி, கணினியில் 'ஞ' எந்த விசையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பேசு, பதிவு செய்கிறேன் என்றேன். பாட்டியின் பலகாரக் கடையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினாள். அதைத் தட்டெழுத எனக்குத்தான் மூன்று இரவுகள் ஆயின.