அறுநூறு மீட்டருக்கு ஒரு கார்

'ஃபோர் வீல் டிரைவ்' வண்டி என்றால் எஸ்டேட் முதலாளிகளும் காட்டிலாகா அதிகாரிகளும் வைத்துக்கொள்கிற சமாசாரம் என்றுதான் நம்மில் பலருக்கு எண்ணம். டிபன் கூடையையும் நோட்டுக் கட்டையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற ஒரு டீச்சருக்கு அது எதற்கு? என் தங்கைகூட டெலிபோனில் கேட்டுச் சிரித்தாள். "ஏன் அக்கா, புலி வேட்டைக்கா?" என்று.

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மாமனார் காலத்தில் வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கர் தேயிலை, நடுவில் ஓட்டு வீடு. பள்ளிக்கூடம் கோத்தகிரியில், பதினொரு கிலோமீட்டர். கணவருக்குக் கோவையில் உத்தியோகம். சனிக்கிழமை வந்து ஞாயிறு இரவு இறங்கிவிடுவார். ஆகவே வாரம் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவள் நான்தான். என்னுடன் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள். வாரத்தில் இரண்டு நாள், முழங்கால் தேய்ந்து போன மாமியாரும் பிஸியோதெரபிக்கு வருவார்.

பதினொரு கிலோமீட்டரில் தார் ரோடு முடிந்த பிறகு வீட்டுக்குப் போகும் மண் பாதை அறுநூறு மீட்டர். செங்குத்தான ஏற்றம். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அந்த இரண்டு மாதமும் அந்தப் பாதை, அரைத்து வைத்த மாவு மாதிரி வழுக்கும். எங்களிடம் இருந்த சின்னக் கார் பாதி ஏறி நின்றுவிடும். சக்கரம் சுற்றும், சேறு பறக்கும், வண்டி அசையாது. சாதாரணச் சின்னக் கார்களில் இழுப்பது முன்சக்கரம். ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்பக்கம் சாய்ந்துவிடுவதால் முன்சக்கரத்துக்குத் தரையில் பிடி குறைந்து போகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பையன் தன் காரை ரிவர்ஸிலேயே மேலே ஏற்றிக்கொண்டு போவான். பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மழை நாட்களில் காரைக் கீழேயே விட்டுவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஏறுவோம். இரண்டு வருடம் இப்படி ஏறியதில் என் இடுப்பு கேட்டுவிட்டது. கீழ் முதுகுத் தட்டில் தேய்மானம் என்றார் டாக்டர். "கனம் தூக்காதீர்கள், குலுங்காதீர்கள்" என்றார். குலுங்காமல் இருப்பதற்கு நான் சமவெளியிலா இருக்கிறேன்?

வீட்டில் ஆலோசனை நடந்தது. ஒன்று, நான் வேலையை விட வேண்டும். இல்லாவிட்டால் கோத்தகிரி டவுனில் வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும். இரண்டாவது யோசனையைக் கேட்டதும் மாமியார், "நீங்க போங்க கண்ணு. நான் இந்த மண்ணை விட்டு வரமாட்டேன். அவரு வெச்ச செடி இது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எழுபத்திரண்டு வயதில் அவரை அங்கே தனியாக விட முடியுமா? எங்கள் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்த அறுநூறு மீட்டரில் வந்து நின்றது.

அப்போதுதான் பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கலாம் என்ற பேச்சு வந்தது. புது வண்டிக்கு நமக்கு ஏது பணம்? சீட்டு எடுத்தது, பழைய கார் விற்றது, என் வளையல் எல்லாம் சேர்த்து ஆறு லட்சம்.

கொழுந்தனாருக்கு ஒரே உற்சாகம். "அண்ணி, ஜீப்புன்னா ஜீப்புதான். மரத்துல ஏறச் சொன்னாலும் ஏறும்!"

"மரத்துல ஏற வேண்டாம் தம்பி. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாப் போதும்" என்றேன். ஆனாலும் ஆசையாகக் கொண்டு வந்திருக்கிறாரே என்று ஏறிப் பார்த்தேன். சேற்றில் அது ஏறின அழகைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு குழியும் நேரே என் முதுகெலும்பில் வந்து பேசியது. பழைய ஜீப் ரகங்களில் பெரும்பாலும், லாரிக்கு இருப்பது போல இரும்புப் பட்டைகளை அடுக்கின ஸ்பிரிங். பாரம் சுமக்க அது உசத்தி, இடுப்புக்கு அல்ல. அந்த வண்டியில் பின்சீட்டு பக்கவாட்டில் பார்த்தபடி இருந்தது. சீட் பெல்ட்டும் இல்லை. மகள் மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தாள். கண் ஒரு பக்கம் பார்க்க, உடம்பு வேறு பக்கம் சாய, காதுக்குள் இருக்கும் நிதான உறுப்பு குழம்பிப் போவதால்தான் இந்த வாந்தி வருகிறது. முன்னே பார்த்து உட்கார்ந்து, தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொன்னால் பாதி குழந்தைகளுக்கு அடங்கிவிடும்.

அன்று இரவு நோட்டுத் திருத்துகிற பேனாவாலேயே ஒரு கணக்குப் போட்டேன். தினம் போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். அதில் ஃபோர் வீல் தேவைப்படுவது 1,200 மீட்டர். அதுவும் மழை மாதங்களில் மட்டும். மீதி இருபது கிலோமீட்டருக்கு மேல் சாதாரணத் தார் ரோடு. இதைக் கணவரிடம் காட்டியதும், "இப்படி யாருமே சொல்லலையே!" என்றார். ஆண்கள் வண்டியின் பலத்தைப் பேசுகிறார்கள். அதில் தினம் இரண்டு வேளை உட்காரப் போகிறவர்களின் உடம்பைப் பேசுவது நம் பொறுப்பு.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஜீப், ஜிப்ஸி, தார், பொலேரோவின் ஃபோர் வீல் மாடல் போன்றவை முதல் ஜாதி. தேவையானபோது நாமே ஃபோர் வீல் போட வேண்டும். போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைந்துகொள்ளும். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை அல்லவா? சேறாக இருந்தால் சக்கரம் சற்று வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அது முடியாமல் டயரும் கியரும் திணறும். ஆகவே நல்ல ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது ஜாதி, கார் மாதிரியே கட்டப்பட்டவை. டஸ்டர், ஸ்கோடா எட்டி, எக்ஸ்.யூ.வி. 500 ஆகியவற்றில் இந்த மாடல்கள் வந்தன. சாதாரணமாக முன்சக்கரம் மட்டும் இழுக்கும். அது வழுக்கினால் தானாகவே பின்சக்கரத்துக்கும் சக்தி போகும். பாறை மேல் ஏறுகிறவர்களுக்கு இது போதாது. எங்கள் பாதையில் பாறை இல்லை, சேறுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு சக்கரமும் இழுப்பது ஏறுவதற்குத்தான் உதவி. பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்பதற்கு அது எந்த விதத்திலும் உதவாது. இறக்கத்தில் சின்னக் கியரில் நிதானமாகத்தான் இறங்க வேண்டும். நிறுத்துவது டயரின் வேலை. அதிலும் பேய்மழை நாளில் எந்த வண்டியையும் வெளியே எடுக்கவே கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் மாண்டதை இந்த மலையில் யாரும் மறந்துவிடவில்லை.

அடுத்துப் பார்த்தது ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. உள்ளே சோபா மாதிரி சுகம். ஆனால் மாமியாரால் ஏற முடியவில்லை. முதலில் ஒரு படி, அப்புறம் ஒரு தாவல். "என்னை மூட்டை மாதிரி தூக்கிப் போடணும் போலிருக்கே" என்று சிரித்தார். சிரித்தாலும் கண்ணில் வலி தெரிந்தது. மூட்டு வலிக்காரர்களுக்கு, சீட்டு அவர்கள் இடுப்பு உயரத்துக்கு இருப்பதுதான் சரி. தாழ்ந்தால் எழுந்திருக்க முடியாது, உயர்ந்தால் ஏற முடியாது. எந்த விளம்பரத்திலும் இது வராது. நீங்களேதான் அழைத்துப்போய் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகக் கோவையிலிருந்து வந்தது 2016-ஆம் வருட டஸ்டர் டீசல், நான்கு சக்கரமும் இழுக்கிற மாடல். 72,000 கிலோமீட்டர் ஓடியது. இந்த மாடலில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்பிரிங்கில் இருப்பதால், ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றது அதோடு சேர்ந்து ஆடுவதில்லை. "டீசல் செலவு எங்களுடையது, ஒரு நாள் மேலே கொண்டு வாருங்கள்" என்று சொல்லி வரவழைத்தோம். மாமியார் பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார். முதுகு வலிக்காரர்களுக்கும் டாக்டர்கள் சொல்கிற முறை அதுதான். மகள் கோத்தகிரி வரை கதை பேசிக்கொண்டே வந்தாள். நான் சீட்டில் முதுகை நன்றாக ஒட்டி உட்கார்ந்து கிளட்ச்சை முழுக்க மிதித்துப் பார்த்தேன். அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், இடுப்பு சீட்டை விட்டு நகரக் கூடாது. இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன டவலைச் சுருட்டி வைத்ததும் கச்சிதமாக இருந்தது. மண் பாதையில் நாலு குடம் தண்ணீர் கொட்டச் சொல்லி, திருகியை 'லாக்'கில் வைத்து ஏறினேன். ஏறிவிட்டது.

இவ்வளவு பிடித்துப் போனாலும் உடனே தலையாட்டவில்லை. முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ராத்திரி முழுக்க ஆறின வண்டி காலையில் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும். அதனால் உரிமையாளரை இரவு தங்க வைத்து, காலைக் காப்பிக்கு முன் கிளப்பிப் பார்த்தோம். மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வட்டமாக ஓட்டினால் 'கடக் கடக்' என்று சத்தம் வரக் கூடாது. வந்தால் முன்சக்கர இணைப்பு தேய்ந்திருக்கிறது. நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே மாதிரித் தேய்மானம் இருக்க வேண்டும். இந்த வகை வண்டிக்கு இது மிகவும் முக்கியம். டயரின் பக்கத்தில் கடைசியாக நாலு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் இருபத்து மூன்றாம் வாரம் செய்தது. அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று நம்பிக்கையான மெக்கானிக்கை விட்டுப் பார்த்தோம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை மட்டும் மெக்கானிக்கைவிட நாம் சுலபமாகக் கண்டுபிடிப்போம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்டவை துடைத்து மினுக்கி வெளியூரில் விலைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை உள்ளே சுருண்டிருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? பிறகு கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஐந்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்து மூச்சை இழுங்கள். மழைக்காலத்தில் காயாத துணியின் வாசனை நமக்குத் தெரியாதா?

காகித விஷயங்களைக் கணவர் பார்த்துக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்தில் பாங்குக் கடன் பதிவாகியிருந்தால் பாங்கின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் நமூனாவும் வேண்டும். பெயர் மாற்ற 29, 30 நமூனாக்கள். இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். பழைய அபராதம் பாக்கி உண்டா என்பதையும் பார்த்தோம்.

குறை இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது இந்த டீசல் மாடல் நின்றுவிட்டது. ஆகவே பின்சக்கர இழுவைச் சாமான்கள் கிடைக்குமா என்று கோவையில் விசாரித்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுத்தோம். கிளட்ச் கொஞ்சம் கனம். இடது கால் சாயங்காலம் சொல்லும். மலையில் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுக்கிறது. சின்னக் கார் அளவுக்கு வராது.

ஒரு ஐப்பசி கார்த்திகை போய்விட்டது. மாமியார் ஒரு பிஸியோதெரபி நாளைக்கூடத் தவறவிடவில்லை. அந்த மழையில் ஒரே ஒரு சாயங்காலம்தான் பாதி ஏற்றத்தில் நின்றோம். அதற்கு வண்டி காரணமில்லை. நடுப்பாதையில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டு, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேயிலைக்குள் இறங்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஹாரன் அடிக்கப் போன மகளை, "சும்மா இரு, அதுவும் வீட்டுக்குத்தான் போகுது" என்று பாட்டி அடக்கிவிட்டார்.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் என்று ஒன்று இருக்கிறது. கெடு தாண்டி ஓட்டி அது அறுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. வாங்கிய வாரமே மாற்றிவிட்டோம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழேயே, 2031-ல் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்றும் குறித்திருக்கிறேன்.