கடைசி நாள் மீன்

அக்டோபர் 6. ஸ்காட்லாந்தில் பிரவுன் டிரவுட் பிடிக்க அதுதான் கடைசி நாள். மறுநாள் தொடங்கி மார்ச் 14 வரை சட்டப்படி தடை. கிளாஸ்கோவுக்குத் தெற்கே, கிளைட் ஆறு இன்னும் ஓடைபோல் ஒடுங்கி ஓடும் மேல்பகுதியில் முழங்கால் நீரில் நின்றிருந்தேன். மூன்று வருடமாகிறது.

அந்த ஆண்டு எனக்கு ராசியே இல்லை. மார்ச்சிலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை போயிருப்பேன். வந்ததெல்லாம் விரல் நீளக் குஞ்சுகள்; கொக்கியைக் கழற்றி ஆற்றிலேயே விட்டேன். அலுவலகத்தில் கிண்டல் வேறு. ஒரு நல்ல மீனாவது வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இந்தப் பருவத்தை முடிப்பதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு.

இங்கே இலையுதிர் காலத்தில் தூண்டில் போட நிறையப் பொறுமை வேண்டும். பிர்ச் மரத்தின் மஞ்சள் இலைகள் கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய செயற்கை ஈயை மூன்று முறை வீசினால் இரண்டு முறை இலைதான் மாட்டும். ஐந்தரை மணிக்கு நூல் நின்றது. இலைதான் என்று நினைத்தேன். அந்த இலை எதிர்த்து இழுத்தது.

முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாது. வெண்ணெய் நிறப் பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள். கையில் எடுத்ததும் முதலில் தட்டுப்பட்டது புடைத்த வயிறு. சினை என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் இருந்துகொண்டேன். நான் காசு கட்டி வாங்கிய அனுமதிச் சீட்டில் ஒரு மீன் எடுத்துக்கொள்ள இடமிருந்தது. தடை தொடங்க இன்னும் ஆறரை மணி நேரம் இருந்தது.

மீனைச் சட்டெனக் கொல்ல இங்கே ஒரு குட்டைத் தடி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் 'பிரீஸ்ட்', அதாவது பாதிரியார். கடைசிச் சடங்கு செய்பவர் அவர்தானே! இரண்டு தட்டுத் தட்டினேன்.

வீட்டில் வயிற்றைக் கீறியதும் இரண்டு பைகள் சரிந்து விழுந்தன. மிளகளவு முட்டைகள், ஆரஞ்சு நிறம். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீனுக்குச் சுமார் 1,500 முதல் 2,000 முட்டை இருக்கும். என் மீன் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்; எப்படியும் சில நூறு. அவற்றில் வளர்ந்து பெரிய மீனாவது ஒன்றிரண்டுதான். அந்த ஒன்றிரண்டின் வழியையும் நான் அடைத்திருந்தேன்.

மறுநாள் காலை அம்மாவிடம் போனில் சொன்னேன். நாகப்பட்டினத்தில் மீன் விற்றுக் குடும்பம் நடத்தியவள். "சினையா? மஞ்சத்தூளு, மொளகாத்தூளு போட்டு வறுத்துடுப்பா, நல்லா இருக்கும்" என்றாள். நான் தேதியைச் சொன்னேன். இன்னும் சில வாரத்தில் முட்டையிட இருந்த மீன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "நீ என்ன, பொழப்புக்கா புடிச்ச?"

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். 2001இல் தமிழ்நாட்டில் தடைக்காலம் வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது 45 நாள். 2017 முதல் 61 நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கடை பாக்கி ஏறும், அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று வயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருந்த வீட்டுப் பிள்ளை நான். ஃபிரிட்ஜில் மூன்று நாள் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடப் போன இடத்தில் ஆறரை மணி நேரக் கணக்குப் பார்த்தேன்.

சட்டம் ஒரு தேதி போட்டால்தான் நடக்கும், அதில் தவறில்லை. மீனுக்கு அந்தத் தேதி தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை முட்டையிட, செப்டம்பரிலேயே அதன் உடல் தயாராகிவிடுகிறது. அனுமதிச் சீட்டு நம்மைத் தண்டனையிலிருந்து காக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அதன்பின் நான் செப்டம்பர் பாதியிலேயே தூண்டிலைப் பரணில் ஏற்றிவிடுகிறேன். நவம்பரில் வெறுங்கையோடு அதே ஆற்றுக்குப் போகிறேன். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்துக் கூழாங்கற்களில் பள்ளம் பறிக்கும். முட்டையிட்ட பின் கல்லைத் தள்ளி மூடிவிடும். பாசி படிந்த அடிப்பரப்பில் அந்த இடம் மட்டும் கழுவி வைத்ததுபோல் வெளுத்துத் தெரியும். ஐந்து டிகிரி குளிர்நீரில் முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். பொரிந்த பிறகும் குஞ்சு சில வாரம் கல்லுக்கு அடியிலேயே இருக்கும். மார்ச் 15 அன்று பருவம் திறந்தது என்று ஆற்றில் இறங்குகிறவர்கள், அந்த வெளுத்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள்.

அந்தச் சினையை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அம்மா சொன்னபடியே வறுத்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.